கிரேக்கண்ணை வைத்த பெயர்

எண்பதுகளில் சுவிட்சர்லாந்துக்கு வந்திறங்கிய தமிழர்களில், கிரேக்கண்ணையிடம் தன் பெயருக்கு அர்த்தம் கேட்டு அவமானப்படாதவர் ஒருவர்கூட இல்லை. நான் கேட்காமலே அவமானப்பட்டவன்.

ஊஸ்டரில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் அவரும் இன்னும் இருவரும் இருந்தார்கள். நான்காவது ஆளாக நான் பெட்டியோடு போய் நின்ற அன்றே வாசலில் மறித்தார்.

“பேர் என்ன தம்பி?”

“சிங்கராசா.”

மேலும் கீழும் பார்த்தார். நனைந்த கோட்டையும் சேர்த்து நிறுத்தால்தான் நான் ஐம்பது கிலோவைத் தொடுவேன். கீழ்வீட்டு நாய்க்குட்டி ஒருமுறை குரைத்ததற்கே படிகளைத் தாவி ஏறி, மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தேன்.

“சிங்கத்தைக் கிரேக்கத்தில லெயோன் எண்டு சொல்லுவினம். நல்ல பேர்தான். வைச்சவை வைக்க முந்திப் பிள்ளையை ஒருக்காப் பார்த்திருக்கலாம்.”

அவருக்குக் கிரேக்கம் வந்தது கோப்பை கழுவும் தொட்டியில். வேலை செய்த உணவகத்தின் முதலாளி கிரேக்கர்; பெயர் தேயோடோரோஸ். அந்த மனிதர் சட்டிகளுக்கு நடுவில் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் கிரேக்கண்ணை எங்களுக்குச் சோற்றோடு பரிமாறுவார். அதிலும் முதலாளியின் பெயர் என்றால் அவருக்கு உயிர்.

“தேயோஸ் எண்டால் கடவுள். டோரோன் எண்டால் பரிசு. கடவுள் தந்த பரிசு. யேசு பிறக்க முந்தியே கிரேக்கர் பொடியளுக்கு வைச்ச பேர். பிறகு வேதக்காரர் எடுத்தினம். ரஷ்யாக்காரன் ஃபியோதர் எண்டு மாத்தினான். சுவிஸ்காரன் வாலை வெட்டிப்போட்டுத் தேயோ எண்டுறான். எங்கட தெய்வம்தான் அந்தத் தேயோஸ், விளங்குதோ?”

இரண்டுக்கும் வேர் வேறு என்று பல வருடங்களுக்குப் பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். அப்போதே தெரிந்திருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டேன். சமையல் அவர் கையில் இருந்தது.

மனைவியை ஏழு மாதக் கர்ப்பிணியாக ஊரில் விட்டுவிட்டு வந்தவர் அவர். ஆண்பிள்ளை பிறந்தால் தேயோடோர் என்று தொட்டியடியிலேயே முடிவெடுத்துவிட்டார். பிள்ளை பிறந்தது, ஆண்தான். ஊர்ச் சந்திக் கடைக்குத் தொலைபேசி எடுத்து, மனைவியைக் கூட்டிவரச் சொல்லிக் காத்திருந்தார்.

“முப்பத்தொண்டாம் நாள் முடிஞ்சுதப்பா. ஐயா நட்சத்திர எழுத்துப் பார்த்துக் கஜன் எண்டு வைச்சிட்டார்” என்றார் மனைவி; பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. இவர் வாயெடுப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

அந்தச் செய்தியை எங்கள் வீட்டுக்குள் அவர் நுழையவிடவே இல்லை. “என்ர தேயோடோருக்குப் பல்லு முளைச்சிட்டுது” என்பார். “தேயோடோர் நடக்கிறானாம்” என்பார். நாங்களும் தேயோடோர் எப்படி அண்ணை என்றே விசாரித்தோம்.

ஒருமுறை தெரிந்த தம்பதிக்கு இங்கே ஆண்குழந்தை பிறந்தது. பெயரைச் சொல் என்று ஆஸ்பத்திரித் தாதி நெருக்க, முப்பத்தோராம் நாள்தான் வைப்போம் என்று தகப்பன் அடம்பிடிக்க, சமரசம் பேசக் கிரேக்கண்ணை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனார். பின்னால் நானும் போனேன்.

“டிமோத்தி, டியோன், டெமெத்ரி. எல்லாம் கிரேக்கப் பேர். எதை வேணுமெண்டாலும் எடும்.”

“அண்ணை, அந்தக் கடவுள் தந்த பரிசை வைப்பமோ? வடிவாயிருக்கு” என்றார் தகப்பன்.

கிரேக்கண்ணை வாழைப்பழத்தைத் திரும்பக் கையில் எடுத்தார். “அது ஆள் இருக்கிற பேர்” என்றார். பழத்தை வழியெல்லாம் நாங்களே தின்று தீர்த்தோம். அந்தக் குழந்தை டிலக்சன் ஆனது.

பிறகு ஒருநாள் பழைய சாமான் கடையிலிருந்து, பனியில் இழுக்கும் மரச் சறுக்குவண்டி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். எந்தச் சுவிஸ் பிள்ளையுடையதோ, பலகையில் ‘தேயோ’ என்று சூட்டுக்கோலால் எழுதியிருந்தது.

“பாருங்கோ, பேரோடயே வந்திருக்கு.”

வீட்டில் கதிரை போதாததால் அதில் இருந்துதான் வெங்காயம் உரித்தோம். “அவன் வருமட்டும் இருங்கோ” என்று அனுமதி தந்திருந்தார்.

அவன் வர ஐந்து வருடம் சென்றது. பீ பெர்மிட் என்ற வதிவிட அனுமதி கிடைத்து, குடும்பத்தைக் கூப்பிட்டு, அவர்கள் வந்திறங்கியது நல்ல ஜூலை வெயிலில். கிரேக்கண்ணை சறுக்குவண்டியோடு விமான நிலையத்துக்கு வந்தார்; வீட்டில் இருந்த நாங்கள் மூவரும் கூடப் போனோம். அருகில் நடந்தால் என்னையும் பைத்தியம் என்பார்களே என்று நான் பத்தடி பின்னால் நடந்தேன். பொலிஸ்காரர் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பனி எங்கே என்று கேட்டார்.

“ஷ்னே குண்ட் ஷோ” என்றார் இவர். பனி வரத்தானே போகிறது.

தாயின் சேலையைப் பிடித்தபடி பிள்ளை வந்தான். கிரேக்கண்ணை அவன் முன்னால் குந்தினார்.

“பேர் என்ன ராசா?”

“கஜன்.”

ஐந்து வருடப் பிரசங்கம் இப்போது இறங்கப்போகிறது என்று நாங்கள் மூவரும் தயாரானோம். அவர் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல பேர்” என்றார்.

“உங்கட பேர் என்ன?”

நாங்களும் காதைக் கொடுத்தோம். அவர் பெயர் தபால்பெட்டியில் எழுதியிருந்தது. எங்களில் எவனும் அதை நின்று வாசித்ததில்லை.

“அப்பா.”

அதற்கு அவர் அர்த்தம் சொல்லவில்லை.

பிள்ளை சேலையை விட்டுவிட்டு வந்து சறுக்குவண்டியைத் தொட்டான். சூட்டெழுத்தின்மேல் விரலை ஓட்டினான்.

“இதில என்ன எழுதியிருக்கு?”

“முந்தி வைச்சிருந்த ஆளின்ர பேர்” என்றார் கிரேக்கண்ணை.

அந்த மாதமே லோசானில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். “பனி விழ எடுக்க வாறன், சிங்கம்” என்று வண்டியை என்னிடம் விட்டுப்போனார். வரவில்லை. நானும் வேலை, வீடு என்று வருடங்களை ஓட்டிவிட்டுப் பிறகுதான் தேடத் தொடங்கினேன். தொலைபேசிப் புத்தகத்தில் கிரேக்கண்ணை என்று ஒருவரும் இல்லை.

கஜனுக்கும் இப்போது பிள்ளை பிறந்திருக்கும்; பேரன் என்றால் கிரேக்கண்ணை அந்தப் பெயரை விட்டிருக்க மாட்டார். லோசான் பக்கத்தில், தன் மகனுக்குத் தேயோ என்று பெயர் வைத்த ஒரு கஜனை யாராவது அறிந்தால் சொல்லுங்கள். சறுக்குவண்டி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வெங்காயம் உரிக்கக்கூட இப்போது எவரையும் அதில் இருக்க விடுவதில்லை.