என்னை ஏன் கொசு கடிப்பதில்லை?

மதிப்பிற்குரிய அறிவியல் கேள்வி-பதில் பகுதி ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமா என்று கேட்பதுதான் மரியாதை. கேட்கும் மனநிலையில் நான் இல்லை.

ஒரே அறையில், ஒரே மின்விசிறிக்குக் கீழே படுக்கிறோம். கொசு என் மனைவியை மட்டும் கடிக்கிறது, என்னைத் தொடுவதே இல்லை, காரணம் என்ன என்று உங்கள் பகுதிக்கு எழுதிக் கேட்டவன் நான்தான். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன் ஐயா. என்னைக் கண்டால் கண்டக்டரே நடுங்குவார், கொசு எம்மாத்திரம்! சுத்தமான ரத்தம், ஒழுக்கமான வாழ்க்கை என்று நாலு வார்த்தை எழுதுவீர்கள், வீட்டில் படித்துக் காட்டலாம் என்று ஆசைப்பட்டேன். நீங்கள் என்ன எழுதினீர்கள்? விடும் மூச்சு, உடல் சூடு, தோலின் வாடை இவற்றை வைத்துத்தான் கொசு ஆளைத் தேடி வருகிறதாம், சிலருடைய வாடை அதற்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லையாம்! அதையும் நானே, மைத்துனன் வந்திருந்த நேரம் பார்த்து, உரக்கப் படித்துத் தொலைத்தேன்.

அவ்வளவுதான். என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "சாக்கடையில பொறந்த கொசுவுக்கே இவர் வாடை ஆகலையாம்! நான் இத்தனை வருஷமா மூக்க வச்சுக்கிட்டு எப்படிடா குடும்பம் நடத்தினேன்?" என்று தம்பியைக் கேட்டாள். அவன், "அத்தான், இனிமே கொசுவத்தி எதுக்கு? நீங்க எங்க வீட்டுக்கு வந்து ஒரு மூலையில உக்காருங்க, போதும்" என்றான். விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க சார்! நான் ரெண்டு வேளை குளிக்கிறவன் சார்! இன்னைக்கு சோப்பு தேய்ச்ச தேய்ப்புல தோலே உரிஞ்சு போச்சு. என்ன பிரயோஜனம்? இன்று ராத்திரி என் தலையணை ஹால் சோபாவுக்கு வந்துவிட்டது. காலை நீட்டினால் செருப்பு அலமாரி இடிக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவள் பக்கத்தில் படுத்தே பழகியவன், தனியாகத் தூக்கம் வரவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆகவே, என் உடம்பில் எந்த வாடையும் கிடையாது என்று அடுத்த இதழிலேயே கொட்டை எழுத்தில் மறுப்பு போட வேண்டும். இல்லாவிட்டால் நேரில் வந்து கேட்கிற விதத்தில் கேட்பேன். தங்கள் வீட்டுக் கொசுக்கள் தங்களைக் குறைவில்லாமல் கடிக்கட்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
வாடையில்லாத வாசகன்

பின்குறிப்பு: மறுப்பு போட்டுவிடாதீர்கள். இதைத் தபாலில் சேர்க்கலாம் என்று காலையில் எழுந்தால், கையெல்லாம் காலெல்லாம் தடிப்பு. ஹாலில் வேறு ஆள் இல்லாததால் எல்லாக் கொசுவும் என் மேலேயே விழுந்திருக்கிறது. ஓடிப்போய், "பாத்தியா, என்னையும் கடிச்சிருக்கு!" என்று மனைவியிடம் காட்டினேன். ஒன்று விடாமல் மருந்து தடவிவிட்டாள். பிறகு என் தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது சொன்னாள்: "பாவம், என்னை மாதிரியே கொசுவுக்கும் வேற ஆள் கிடைக்கல."