ஹாஜியாரின் ரிவோல்வர் உறை

ரிவோல்வர் வரவில்லை.

நிஸாம் கதிரையில் உட்கார்ந்து, தோல் உறையை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ரிவோல்வரின் பிடியை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தார். கதிரைதான் முன்னுக்கு வந்தது.

நேரம் காலை பத்தரை. பின்னேரம் மூன்று மணிக்கு இப்திகார் ஹாஜியாரின் கார் கடை வாசலில் வந்து நிற்கும். ஹாஜியார் பெரிய மாணிக்கக்கல் வியாபாரி. கல்லும் கையுமாக ஊர் ஊராகப் போகிறவர் என்பதால் லைசன்ஸ் எடுத்து ரிவோல்வர் வைத்திருந்தார். மனுஷன் நல்லவர்தான். ஆனால் மூக்கு நுனியில் கோபம். போன மாதம் வெள்ளவத்தையில் யாரோ பிழையாகக் காரை நிறுத்தியதற்கே கை இடுப்பிலிருந்த ரிவோல்வருக்குப் போய்விட்டதாம். போதாததற்கு, நிஸாமின் சப்பாத்துக் கடை இருக்கிற கட்டடமும் அவருடையதே.

முந்தாநாள் அவர் ரிவோல்வரை மேசையில் வைத்து, உருளையைத் திறந்து குண்டு இல்லை என்று காட்டி, லைசன்ஸ் கொப்பியையும் தந்து, ஒரேயொரு விஷயம்தான் சொன்னார்.

"நிஸாம், கண்ண மூடித் தொறக்க முந்தி கைக்கு வரணும். வெளங்கினா?"

"இன்ஷா அல்லாஹ், ஹாஜியார்."

நிஸாம் கொழும்பு ஜம்பட்டா வீதியில் இருபத்திரண்டு வருடமாகச் செருப்பும் சப்பாத்தும் தைக்கிறவர். துவக்கு உறை தைத்துப் பழக்கமில்லை. தெரியாது என்று சொல்லியும் பழக்கமில்லை. தோலை நனைத்து ஒரு பொருளின் மேல் அழுத்திக் காயவிட்டால் அந்த உருவத்திலேயே நின்றுவிடும். சப்பாத்துக்கும் அதைத்தானே செய்கிறோம்? கால் வடிவ மரக்கட்டை இருக்கிற இடத்தில் ரிவோல்வர், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டார்.

ஈரம் பட்டுத் துருப்பிடிக்காமலிருக்க ரிவோல்வரைச் சோற்றுப் பார்சல் கட்டுகிற பிளாஸ்டிக் லஞ்ச் ஷீட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினார். நனைத்த தோலை அதன்மேல் போர்த்தி, சப்பாத்துக்குத் தைப்பதுபோலவே நூலளவு இடமும் விடாமல் சுற்றிவர இறுக்கித் தைத்தார். கரண்டிப் பிடியால் உருளையின் பள்ளங்களையும், விசைக்குக் கீழேயுள்ள வளையத்தின் உட்பக்கத்தையும் அழுத்தி அழுத்தி எடுத்தார். ஒரு பகல் முழுக்க ஃபேன் காற்றில் காயவைத்தார்.

காலையில் பார்த்தால் அப்படியொரு அழகு! ரிவோல்வரின் ஒவ்வொரு வளைவும் தோலில் எழும்பி நின்றது. நிஸாம் நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்தார். ஐந்தாவது ஃபோட்டோவின்போதுதான் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. சப்பாத்துக் கட்டை நடுவில் மடியும். மடிவதால்தான் கழன்று வரும். ரிவோல்வர் மடியாது.

"ஸமீமா! இஞ்ச ஒருக்கா வா!"

கடைக்குப் பின்னால்தான் வீடு. மனைவி ஸமீமா திரையை விலக்கிக்கொண்டு வந்தவள், அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"யா அல்லாஹ்! அதுட வாய அங்கால திருப்புங்க!"

"குண்டு இல்ல. ஹாஜியார் தொறந்து காட்டினாரு."

"ஒங்களுக்குக் காட்டின. எனக்குக் காட்டினாரா?"

அங்கால திருப்பினால் வீதி. இங்கால திருப்பினால் பக்கத்து வீட்டு யூஜினா அக்கா சமைக்கிற குசினி. கடைசியில் உள்ளே போய், மூலையிலிருந்த கீரிச் சம்பா மூட்டையைக் குறிவைத்து, அவள் உறையைப் பிடிக்க இவர் பிடியை இழுத்தார். அரிசி தப்பியது. ரிவோல்வர் வரவில்லை.

"பவுடர் போட்டா வழுக்கும்" என்றாள் ஸமீமா.

உறையின் வாயில் பேபி பவுடரைக் கொட்டி இழுத்தார்கள். இரண்டு பேரும் ஏழெட்டுத் தடவை தும்மினார்கள். ஈரம் இன்னும் முழுதாகப் போகாத தோலில் பவுடர் களியாகி அப்பிக்கொண்டது.

"இதுக்கு எண்ணெதான் சரி" என்றார் நிஸாம்.

தேங்காய் எண்ணெயை ஊற்றினார். தோல் ஆசை ஆசையாகக் குடித்தது. பொன்னிறமாக இருந்த உறை கித்துள் பாணியின் கரும்பழுப்பு நிறத்துக்கு மாறியது. உள்ளே லஞ்ச் ஷீட் கிழிந்து, சுருண்டு, ஆப்புப்போல இறுகியது. முன்பாவது ஒரு நூலளவு ஆடியது. இப்போது அதுவும் இல்லை.

"திரும்ப நனைச்சா எளகும். கொஞ்சம் வெதுவெதுப்பாத் தண்ணி கொண்டு வா."

ஸமீமா கொண்டுவந்து ஊற்றினாள். ஆவி பறந்தது. நிஸாம் தலையில் கை வைத்தார்.

"வெதுவெதுப்பா எண்டு தானே சென்ன!"

"கெட்டிலுக்கு அது தெரியுமா? அது கொதிச்சாத்தான் நிக்கும்."

கொதிநீர் பட்ட தோல் என்ன ஆகும் என்பது எந்தச் சப்பாத்துக்காரனுக்கும் தெரியும். கண்ணுக்கு முன்னாலேயே சுருங்கி, மாசிக் கருவாட்டுக் கட்டைபோல இறுகிற்று. இப்போது அது ரிவோல்வரைப் போட்டு வைக்கிற உறை அல்ல. ரிவோல்வருக்கு முளைத்த தோல்.

பகல் இரண்டு மணிக்குக் கடைக்குத் திரும்பி வந்து, வெட்டிவிடலாம் என்று கத்தியை எடுத்தார். உடனே கீழே வைத்தார். வெட்டினால் உறை போச்சு. கத்தி வழுக்கி, ரிவோல்வரின் வெள்ளி மினுக்கத்தில் ஒரு கீறல் விழுந்தால் கடையே போச்சு. அந்த நேரம் பார்த்து வாசலில் நிழல் விழுந்தது. சப்பாத்து ஒன்றைத் தைக்கக் கொடுத்திருந்த பொலிஸ் கான்ஸ்டபிள், அதை எடுக்க வந்திருந்தார்.

"மொகத மே?" என்று, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார், மேசையைப் பார்த்து.

நிஸாம் லைசன்ஸ் கொப்பியை மட்டும் இரண்டு கைகளாலும் நீட்டினார். கான்ஸ்டபிள் அதை முன்னும் பின்னும் வாசித்தார். பிறகு சிங்களம் கலந்த தமிழில் விசாரித்தார். விஷயம் விளங்கியதும் சிரித்தார். தொப்பியைக் கழற்றிவைத்தார். உறையை நிஸாமின் கையில் கொடுத்து, ஒரு காலை மேசையில் முட்டுக்கொடுத்து, பிடியைப் பிடித்து மூச்சை அடக்கி ஒரே இழுவையாக இழுத்தார்.

பட்டென்று ஏதோ அறுந்தது.

"வந்துட்டா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஸமீமா ஆவலோடு கேட்டாள்.

அறுந்தது உறையின் தையல் அல்ல. கான்ஸ்டபிளின் பெல்ட்.

"பே முதலாளி, மேக எளியட்ட என்னே நே" என்று, அது வெளியே வராது என்பதைச் சிங்களத்தில் தீர்ப்பாகச் சொல்லிவிட்டு, அவர் காற்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் அவருடைய பெல்ட்டைத் தைத்துக் கொடுத்தார் நிஸாம். அதற்கு முக்கால் மணித்தியாலம் போனது. அவர் போனபோது நேரம் மூன்றுக்கு ஐந்து நிமிடம்.

சரியாக மூன்று மணிக்குக் கார் வந்தது.

கார்க் கதவு திறந்தது. ஆனால் இறங்கியது ஹாஜியார் அல்ல, அவருடைய மனைவி அர்பா ஹாஜியானி. பின்னால் டிரைவர் இராமர்.

"ஹாஜியார் பொரளையில, பல்லு டொக்டர்கிட்ட ஈக்கிறாரு. என்னய எடுத்துட்டு வரச் சென்னாரு" என்றார் அர்பா. "எங்க, காட்டுங்க பாப்பம்."

நிஸாம் அதை நீட்டினார். அர்பா பிடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் இழுத்தார். தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"இராமர், நீங்க இழுத்துப் பாருங்க."

"நல்லா இழுக்கவா மேடம்?"

"முழுப் பெலத்தோட இழுங்க."

இராமர் பலசாலி. ஒற்றை ஆளாகக் கார் தள்ளுகிறவர். கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். கண் சிவந்தது, நெற்றி வியர்த்தது. ரிவோல்வர் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதற்குமேல் நிஸாமால் தாங்க முடியவில்லை.

"மாப்புச் செய்ங்க ஹாஜியானி! பிழை எனக்கிட்டத்தான். சப்பாத்து மாதிரித் தச்சிட்டன். பவுடர் போட்ட, எண்ணெ ஊத்தின, சுடுதண்ணி ஊத்தின, பொலிஸ்காரரும் வந்து இழுத்துப் பாத்த. ஒண்டுக்கும் வரல்ல. ஹாஜியாருக்குச் செல்ல வாணாம். இப்பவே வெட்டி எடுத்து, வேற ஒண்டு..."

கத்தியை எடுத்தார்.

"கத்திய வைங்க!"

அர்பா போட்ட சத்தத்தில் நிஸாமின் கையிலிருந்து கத்தி தானாகவே விழுந்தது. வீதியில் போன முச்சக்கர வண்டிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அர்பா வாடிக்கையாளர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். நெஞ்சில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று நீளமாக ஒரு மூச்சு விட்டார். "இதுக்கு மேல எண்ணெ, தண்ணி ஒண்டும் காட்ட வாணாம். இப்பிடியே ஈக்கட்டும். புதுத் தோல், போகப் போக எளகும் எண்டு நான் அவருக்குச் செல்லிக்கிறன். ஒங்கட கையில அல்லாஹ் தந்த பரக்கத் ஈக்கி, நிஸாம்."

உறையை முந்தானையில் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு காருக்குப் போனார்.

நிஸாமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கடை தப்பிவிட்டது என்பது மட்டும் விளங்கியது. கீழே கிடந்த கத்தியை எடுத்து மேசையில் வைத்தார்.

லைசன்ஸ் கொப்பியை வாங்குவதற்காகப் பின்தங்கிய இராமர், காரை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, நிஸாமின் காதருகே குனிந்தார்.

"பயப்புடாதீங்க நானா, நீங்க நாலாவது ஆளு, மொத மூணு பேரு தச்ச உறையிலயும் துவக்கு சுளுவா வெளிய வந்துருச்சின்னு, மேடம்தான் ஐயாவுக்குத் தெரியாம அந்த உறைகளக் களனி கங்கையில வீசச் சொன்னாங்க."