இன்னும் மூன்று கம்பம்

கடிகாரம் பொய் சொல்கிறது என்பதில் கண்ணாடிக்கடைக்காரருக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை.

ஓடி முடித்து, வாசற்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். 'சென்ற மாதத்தைவிட மெதுவாக ஓடுகிறீர்கள்' என்றது அது. அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த வரியில், 'உங்கள் உடலின் வயது அறுபத்தெட்டு' என்றும் சொன்னது. அவருக்கு ஐம்பத்தொன்று.

"இது ரிப்பேர்," என்றார் மகளிடம்.

"புதுசுப்பா. உங்க பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது."

"புதுசு ரிப்பேர் ஆகாதா? என் கடைக்கு வந்து பாரு. பிரிக்காத பெட்டியிலயே உடைஞ்ச பிரேம் வருது."

மகள் கடிகாரத்தை வாங்கி, எதையெதையோ தட்டிப் பார்த்தாள். "எடை அறுபத்திரண்டுன்னு போட்டு வெச்சிருக்கீங்க. எப்ப எடுத்த எடை இது?"

"கல்யாணத்துக்கு முன்னாடி," என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. அது மனைவி.

மகள் உண்மையான எடையைப் போட்டாள். கடிகாரம் சற்று நேரம் யோசித்தது. பிறகு உடலின் வயதை எழுபத்தொன்று ஆக்கி, இன்று ஓய்வெடுக்கும்படி புத்தி சொன்னது. அவர் அதைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போய்விட்டாள்.

கண்ணாடிக்கடைக்காரர் ஒன்றும் பந்தயத்துக்காக ஓடவில்லை. அவருடைய அப்பா ஐம்பத்திரண்டாவது வயதில், வேலைக்குக் கிளம்பி, ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றுக்குக் காலை நீட்டியபோது சரிந்து விழுந்தவர். எழுந்திருக்கவே இல்லை. அடுத்த வருடம் இவருக்கு ஐம்பத்திரண்டு. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, அவரும் பேசுவதில்லை. ஆனால் தினமும் ஷூவை மாட்டும்போது இரண்டாவது காலை நீட்டுமுன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பயம், வேறொன்றும் இல்லை. உடம்பு இறங்குமுகமாகப் போகவில்லை, கொஞ்சமாவது ஏறுமுகமாக இருக்கிறது என்று யாராவது சாட்சி சொன்னால் போதும் அவருக்கு.

சாட்சியை மாற்றிக்கொண்டே போனால் சரியானது கிடைத்துவிடும் என்று அவர் நம்பினார். அவருடைய தொழில் அப்படி. கடையில் ஆளை உட்காரவைத்து, ஒவ்வொரு கண்ணாடியாக மாட்டி, "இப்ப நல்லாத் தெரியுதா, முன்னாடி போட்டது நல்லாத் தெரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எவ்வளவு மங்கலான கண்ணுக்கும் ஏதோ ஒரு கண்ணாடியில் எழுத்து தெளிந்துவிடும். தனக்கும் ஒன்று கிடைக்காமலா போகும்?

அடுத்த சாட்சியாக மனைவியை நியமித்தார்.

"நான் ஜன்னல்லேர்ந்து கையை ஆட்டுவேன். நீ போன்ல நேரத்தை ஓடவிடு. திரும்பி வந்து கையை ஆட்டினா நிறுத்து. அவ்வளவுதான்."

"ஜன்னல்லேர்ந்தா?"

"நீ ஜன்னல்லேர்ந்து. நான் தெருவுலேர்ந்து."

முதல் நாள் வந்த நேரத்தைப் பார்த்துவிட்டு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "இந்த நேரத்துல பக்கத்து ஊருக்கே போய்ட்டு வந்துடலாமேடி!"

"நிறுத்த மறந்துட்டேங்க. மாடி வீட்டம்மா போன் பண்ணிட்டாங்க."

"அப்ப இன்னைக்குக் கணக்கு செல்லாது."

மறுநாள் மனைவி மறக்கவில்லை. அவர் கையை ஆட்டிய கணத்தில் நிறுத்திவிட்டு, போனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "இன்னைக்கும் நான் மறந்துட்டேன்னே வெச்சுக்குவோமா?" என்று கேட்டாள். அவளுக்கு நல்ல மனசு. ஆனால் அன்று அவருக்கு வேலையில் மனம் ஓடவில்லை. கடைக்கு வந்த ஒருவருக்குத் தூரப் பார்வைக்குப் பதில் கிட்டப் பார்வைக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார். அந்த ஆள் படியில் தடுக்கி விழுந்து, திரும்பி வந்து கத்திவிட்டுப் போனார்.

மஞ்சள் தொப்பிக்காரர் மீது அவர் கவனம் விழுந்தது அதற்கு மறுநாள்தான்.

கால்வாய் ஓரமாக ஒரு நேர்ப்பாதை, பாலத்தில் தொடங்கித் தண்ணீர்த் தொட்டியில் முடிவது. அவர் தினமும் ஓடுகிற பாதை அதுதான். அதில் அவருக்கு முன்னால், ஒடிசலாக, தலையில் மஞ்சள் தொப்பியோடு ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். வயதானவர். முன்பெல்லாம் அந்தத் தொப்பி கண்ணுக்கெட்டாத தூரத்தில் ஒரு புள்ளியாகப் போய்க்கொண்டிருக்கும். இப்போது தொப்பியின் விளிம்பு தெரிந்தது. கண்ணாடிக்கடைக்காரர் இடையில் இருந்த விளக்குக் கம்பங்களை எண்ணினார். பதினொன்று.

அடுத்த வாரம் எண்ணியபோது ஒன்பது.

மறுபடியும் எண்ணிப் பார்த்தார், ஒன்பதுதான். கடிகாரம் வேண்டாம், போன் வேண்டாம். கம்பம் பொய் சொல்லாது. அது பாட்டுக்கு நட்ட இடத்தில் நிற்கிறது.

"ஒம்பது கம்பம்!" என்றார் வீட்டுக்குள் நுழைந்ததும்.

"நல்லது. பல் தேய்ச்சிட்டு வாங்க," என்றாள் மனைவி.

ஏழு கம்பம் ஆனபோது மகளிடம் தானாகவே போய்ப் பேசினார். ஐந்து ஆனபோது கடையில் சீட்டியடித்தார். முழங்கால் வீங்கி, படியேறும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு காலாக வைக்க வேண்டியிருந்தது. வேகம் வந்தால் வலியும் வரத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இதற்குள் இன்னொரு அதிசயமும் நடந்தது. பாதை முடிகிற இடத்தில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு பெஞ்சு. அதில் தினமும் ஒரு பெண் வந்து உட்கார ஆரம்பித்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தூங்காத கண்கள். கண்ணாடிக்கடைக்காரரைத் தூரத்தில் கண்டதும் எழுந்து நின்று கை தட்டுவாள்.

"விடாதீங்க சார்! இன்னும் கொஞ்சம்தான்! உங்களால முடியும்!"

அவருக்கு முன்னால் போகிற மஞ்சள் தொப்பியை அவள் உற்சாகப்படுத்தவே இல்லை. அவரைத்தான் உற்சாகப்படுத்தினாள். ஊரில் ஒருத்தியாவது தன் முன்னேற்றத்தைக் கவனிக்கிறாள் என்று அவர் உருகிப்போனார். உருகியதோடு நிற்காமல் வீட்டில் சொல்லியும் வைத்தார்.

"யாரு அவ?" என்றாள் மனைவி.

"தெரியாது."

"தெரியாதவ எதுக்கு உங்களுக்குக் கை தட்டணும்?"

"நான் ஓடுறதைப் பார்த்துத்தான்."

"நானும்தான் ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். எனக்குக் கை தட்டத் தோணலையே?"

அவர் விளக்கம் சொல்லப் போனார். சொல்லச் சொல்ல விவகாரம் மோசமானது. பேர்கூடத் தெரியாது என்றார், பேரைக் கேட்கிற அளவுக்குப் போயாச்சா என்றாள். வேறு பாதையில் ஓடுங்கள் என்றாள், அங்கே மஞ்சள் தொப்பி இல்லையே என்றார். அவர் புதிதாக ஒரு நல்ல சட்டை வாங்கி வைத்திருந்ததும் அந்த நேரம் பார்த்துத்தான் அவள் கண்ணில் பட வேண்டுமா? மூன்று கம்பம் மிச்சமிருந்த அந்த வாரம் முழுக்க அவருக்குத் தட்டு மட்டும் மேசைக்கு வந்தது, பேச்சு வரவில்லை.

"எனக்கு வேற எதுவும் வேணாம்," என்றார் ஒரு நாள், தட்டைப் பார்த்துக்கொண்டு. "அப்பா வயசு வருது எனக்கு. அதுக்குள்ள அந்தத் தொப்பியை ஒரே ஒரு தடவை தாண்டிட்டேன்னா, அப்புறம் நிம்மதியா இருப்பேன்."

மனைவி அவருடைய தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். மறுநாள் காலை அவர் ஷூ மாட்டும்போது அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ எங்கே?"

"கை தட்ட."

தூறிக்கொண்டிருந்த காலை அது. கால்வாய்த் தண்ணீர் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. மனைவி முன்னதாக ஆட்டோ பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய், பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். மறு ஓரத்தில் அந்தப் பெண். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பாதையில் ஒரு கம்பம்தான் இடைவெளி. பிறகு அரைக் கம்பம். மஞ்சள் தொப்பிக்காரர் மூச்சு விடும் சத்தம் கண்ணாடிக்கடைக்காரருக்குக் கேட்டது. கிழிந்த துருத்தி ஊதுவதுபோல இருந்தது அது. ஆனால் அவர் காதில் விழுந்தது தன் வெற்றி மட்டும்தான். பல்லைக் கடித்தார். முழங்கால் கெஞ்சியது. தோளோடு தோள் வந்தார். மஞ்சள் தொப்பிக்காரர் திரும்பி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. நீயா, வந்துவிட்டாயா என்பதுபோல ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான். பிறகு வேகத்தைக் குறைத்து, நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாதையோரம் உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு கைகளையும் வானத்தை நோக்கித் தூக்கியபடி தண்ணீர்த் தொட்டியை எட்டினார். அழுதார். ஐம்பத்திரண்டு வந்தால் வரட்டும். அவர் இறங்குமுகத்தில் இல்லை. மனைவி எழுந்து நின்று, கொஞ்சம் தயங்கி, பிறகு நிஜமாகவே கை தட்டினாள்.

அந்தப் பெண் ஓடி வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். "ரொம்ப நன்றி சார். நீங்க பண்ணின உதவியை உயிருள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்."

மனைவி நடுவில் வந்து நின்றாள். "என்னம்மா உதவி அது? எனக்கும் சொல்லு, தெரிஞ்சுக்கறேன்."

"அதோ உட்கார்ந்திருக்காரே, அவர் என் அப்பா. இதய ஆபரேஷன் உடனே பண்ணணும்னு டாக்டர் சொல்லி நாலு மாசம் ஆச்சு. வரமாட்டேன்னு ஒரே அடம். 'எனக்கென்ன கேடு? எனக்குப் பின்னாடி ஒருத்தர் வர்றாரு, அவரைவிட மெதுவா ஓட இந்த ஊர்ல ஆளே கிடையாது. அவர் என்னைத் தாண்டுற அன்னைக்கு நானே வந்து படுத்துக்கறேன்'னு போன மாசம் சத்தியம் பண்ணினாரு. அன்னையிலேர்ந்து பெட்டியைக் கட்டிக் கார்ல வெச்சுக்கிட்டு இங்கேயே உட்கார்ந்திருக்கேன்."

கண்ணாடிக்கடைக்காரர் அவள் பிடியிலிருந்து கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டார். "அப்ப நான் வேகமா..." என்று ஆரம்பித்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்து நடக்கத் தொடங்கியவள், திரும்பிச் சொன்னாள்:

"நானும் தினம் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன் சார், உங்க வேகம் ஏறவே இல்ல. கடைசியில அப்பாதான் தளர்ந்து தளர்ந்து உங்ககிட்ட வந்து சேர்ந்துட்டாரு."