வள்ளி சொன்ன தரம்

“சுருளி, வாய்விட்டுச் சொல்லுப்பா. இது குண்டா, பொக்கா?”

தவசி ரெக்கார்டிலிருந்து ஊசியைத் தூக்கிவிட்டுக் கேட்டார். போடிமெட்டுக்குத் தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் சுருளிவேல், படிக்காமல் பரீட்சைக்கு வந்தவனைப் போல விட்டத்தைப் பார்த்தான்.

“நல்லாத்தேன் இருக்குண்ணே. ஆனா சண்ட போடுற மாதிரியே பாடுறாய்ங்களே, யாரும் வெலக்கிவிட மாட்டாய்ங்களா?”

“இத நான் எழுத முடியுமாடா?”

ஏலக்காய் ஏலத்தில் விலை கூறுவதுதான் தவசியின் வேலை. அவர் விலை கூறினால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டிலும் அதே தொண்டைதான். மெல்லப் பேச அவருக்கு வராது. மலையில் ஒரு வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விற்றுவிட்டுப் போனபோது, ரெக்கார்டு பிளேயரும் ஒரு பெட்டி இங்கிலீஷ் ரெக்கார்டுகளும் இவர் கைக்கு வந்து சேர்ந்தன. அந்தப் பைத்தியம் முற்றி, மதுரையில் அச்சாகும் ஒரு மாத இதழில் ‘புதுத்தட்டு, பழந்தட்டு’ என்று ஒரு பக்கம் எழுதலானார். புதிதாக வந்த ராக், பாப் ரெக்கார்டு ஒன்றைப் பத்திரிகைக்காரர்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்புவார்கள். துரையின் பெட்டியிலிருந்து பழசு ஒன்றை இவர் எடுப்பார். இரண்டையும் கேட்டு எழுத வேண்டும்.

எழுதியதுதான் தவசி. தரம் சொன்னது அவர் மனைவி வள்ளி. அவளுக்கு ஏலக்காய் தரம் பிரிக்கும் கம்பெனியில் வேலை. வீட்டிலும் முறமும் காயுமாக அவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். பாட்டு முடிந்ததும், விளைந்து திரண்ட காயைச் சொல்வதுபோல், “பச்சக் குண்டு” என்பாள். இல்லாவிட்டால், அரிசி இல்லாத வெறுங்காயைச் சொல்வதுபோல், “மேலதேன் பச்ச, உள்ள பொக்கு” என்பாள். இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. ஆனாலும் தவசிக்கு நெஞ்சுக்குள் என்னவோ போல் இருந்து, சொல்ல வராமல் தவிப்பதை அவள் ஒரே சொல்லில் போட்டு உடைப்பாள். பக்கத்தின் கடைசியில் ‘வள்ளி சொன்ன தரம்’ என்று அது அச்சாகும். அந்த வரிக்காகவே பத்திரிகை வாங்கியவர்கள் உண்டு.

போன ஆடியில் ஒரு காய்ச்சல் வந்து வள்ளியைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு தவசி எழுதியதெல்லாம் வழவழா கொழகொழா. நேற்று ஏல ஆபீசுக்கே டிரங்க் கால் போட்டுவிட்டார் ஆசிரியர்.

“உங்க துக்கம் புரியுது தவசி சார். ஆனா ரெண்டு ரெக்கார்டும் நல்லா இருக்குன்னு எழுத நீங்க எதுக்கு? இந்த மாசமாவது தரம் போட்டு அனுப்புங்க. இல்லாட்டி அந்தப் பக்கத்துல சமையல் குறிப்பு வந்துரும்.”

பிள்ளைகுட்டி இல்லாத வீடு. மாதத்தில் ஒரு நாளாவது வள்ளியோடு எதிரெதிரே உட்கார்ந்திருக்க அவருக்கு மிஞ்சியது அந்தப் பக்கம்தான். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவள் இரண்டாம் தடவை செத்தமாதிரி.

“அண்ணே, ஒத்த ஆளக் கேட்டு என்னாகும்? மைக்செட் கொழாயக் கட்டுவோம். தெருவே கேட்டுத் தரம் சொல்லட்டும்” என்றான் சுருளிவேல்.

கட்டினார்கள். ஓட்டுக்கு மேலே கொழாய் ஏறி உட்கார்ந்து, புதுத்தட்டு அலறியது. தெருநாய்கள் மட்டும் கருத்துச் சொல்லின. ஓர் ஆளும் எட்டிப் பார்க்கவில்லை.

“பழச எடு” என்றார் தவசி. கிழட்டுக் குரல் ஒன்று ஆர்மோனியம் போன்ற ஏதோ ஒன்றின் துணையோடு இழுத்து இழுத்து அழுதது. சனம் ஓடிவந்தது.

“பாத்தியாடா, பழசுக்குள்ள மதிப்ப!” என்று தவசி உள்ளறையில் நின்று பூரித்தார்.

வந்த பெண்கள் வாசலிலேயே தலையை அவிழ்த்துப் போட்டார்கள். “எங்கண்ணே, பொண்டாட்டி பின்னாலயே போயிட்டியே!” என்று பக்கத்து வீட்டு ராக்கு மாரில் அடித்துக்கொண்டாள். கல்யாணமோ சடங்கோ நடக்க வழியில்லாத வீட்டில் கொழாய் கட்டிச் சோகப் பாட்டுப் போட்டால், தெரு வேறென்ன நினைக்கும்? வீட்டில் பாக்கி இருந்ததே தவசி ஒருவர்தான்.

தவசி பதறிப்போய் வெளியே வந்தார். அழுகை கூச்சலாக மாறியது. இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்.

“மைக்குல சொல்லிருங்கண்ணே, வெரசா!” என்றான் சுருளிவேல்.

“தவசி பேசுறேன்! நான் சாகல! எல்லாரும் அவுகவுக சோலியப் பாருங்க!” என்று கொழாய் முழங்கியது. சாகவில்லை என்று மைக்கில் சொல்லும் ஆளைப் பார்க்க, அதுவரை வராத நாலு தெருவும் வந்து சேர்ந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு, கோடி வேட்டியும் ஆளுயர மாலையுமாக வள்ளியின் அண்ணன் பெரியகருப்பன் வந்தார். அவர் ஊரான ராசிங்காபுரம்வரை தவசி செத்த செய்தி போயிருந்தது. பின்னால் கொட்டுக்காரர்கள்.

“மாப்ளே… நீ சாகலயா?”

“இல்ல மச்சான்.”

“பெறகு எதுக்குய்யா கொழாய் கட்டுன?”

“ஒரு தரம் கேக்க மச்சான்.”

பெரியகருப்பனுக்குக் கோபத்தில் மீசை துடித்தது. மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றும் முற்றும் பார்த்தார். சுவரில் தங்கச்சியின் படம் இருந்தது. போய் அதற்குப் போட்டார். மாலை பெரியது, படமே மறைந்து, நெற்றிப்பொட்டு மட்டும் தெரிந்தது.

தவசி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவள் செத்த அன்றைக்குக்கூட அவர் இப்படி அழவில்லை.

“எனக்கு அவ காது வேணும் மச்சான். அவ காது இல்லாம ஒரு பாட்டும் எனக்கு வெளங்கல.” பிறகு ராக்குவின் பக்கம் திரும்பினார். “ராக்கு, கம்பெனியில அவ பக்கத்துல ஒக்காந்தவ நீதான? பாட்டுல எதக் கேட்டுத் தரம் சொன்னா? ஒங்கிட்டயாச்சும் சொல்லியிருப்பாளே. அது மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

ராக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டு பெரியகருப்பனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“சொல்லக் கூடாதுன்னு மதினி சத்தியம் வாங்கியிருந்துச்சு…” என்று இழுத்தாள். “மதினிக்குக் காது மந்தமாகி வருசக்கணக்காச்சுண்ணே, நீங்க பேசுறது மட்டுந்தேன் கேக்கும், பாட்டு ஓடுறப்ப ஒங்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்து, அதுல தெரிஞ்ச தரத்தத்தேன் சொல்லும்.”