குளிரண்ணையும் பதினொரு ஹூடியும்

மன்னார் வெயிலில் குளிர்சட்டை விற்றுப் பிழைத்த ஒரே மனிதர், இந்த உலகத்திலேயே எங்கள் குளிரண்ணைதான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

அவருடைய சொந்தப் பெயர் ஞானஸ்நானம் கொடுத்த சாமிக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. போர் முடிந்து, முகாமிலிருந்து எங்கள் ஊரான விடத்தல்தீவுக்குத் திரும்பி, ஆளுக்கொரு தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு, முதலில் கிணற்றை இறைப்பதா வீட்டு வளவைத் துப்புரவாக்குவதா என்று நாங்கள் முழித்துக்கொண்டு நின்ற காலம். அப்போது சந்தியில் ஒரு கடை திறந்தது. அரிசியோ, ஆணியோ என்று ஓடிப்போய்ப் பார்த்தால், கூரையிலிருந்து தொங்கியதெல்லாம் ஹூடி. தலைமூடி வைத்துத் தடித்த துணியில் தைத்த, பனி கொட்டும் நாட்டுக்காரர் போடுகிற அதே சட்டை. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியது என்று கொழும்பிலிருந்து மூட்டை மூட்டையாக ஏற்றி வந்திருந்தார். நடுவே ஒரு கதிரை. அதில் கழுத்துவரை மூடிய கறுப்பு ஹூடியோடு அவர்.

“அண்ணை, வேர்க்கேல்லையோ?” என்று கேட்டால், “குளிருது தம்பி” என்பார். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருக்கும்.

அவருடைய கடையில் சட்டையைத் தெரிவு செய்கிற உரிமை வாங்குகிறவருக்குக் கிடையாது. ஆளை மேலும் கீழும் பார்த்து அவரே தீர்ப்புச் சொல்வார். “உனக்கு ஜிப் சரிவராது. நீ அவசரக்காரன், இழுத்த இழுப்பில பல்லுக் கழண்டிடும்.” கடலுக்குப் போகிறவர்களுக்கும் ஜிப் கிடையாது, வலையில் கொழுவுமாம். புது மாப்பிள்ளைக்குத் தொளதொளவென்று ஒன்றை எடுத்துக் கொடுத்து, “கொண்டு போ, அடுத்த வருசம் நீ இதுக்க நிறைஞ்சிருப்பாய்” என்றார். பூசைக்குப் போகிற மாமிமாரையும் அவர் விடவில்லை. “சட்டை ஒண்டு, முக்காடு ஒண்டு எண்டு ஏன் ரெண்டு அலைச்சல்? இதில ரெண்டும் கிடக்கு, பாருங்கோ.” இரண்டு மாமிமார் வாங்கவும் செய்தார்கள்.

ஒருமுறை பஸ் கண்டக்டர் ஒருவர் சட்டையின் கையை மட்டும் கொஞ்சம் வெட்டித் தரச்சொல்லிக் கேட்டுவிட்டார். குளிரண்ணை விற்ற சட்டையைத் திரும்பப் பறித்துக்கொண்டார். “டிசைன் பண்ணினவன் விசரனோ? கத்திரிக்கோல் எண்ட சொல்லோட இந்தப் படி ஏறாதையும்.”

இந்த மனிதர் எங்கள் உதைபந்தாட்ட அணிக்குள் வந்த கதைதான் பெரிய கதை. நான் அப்போது கழகச் செயலாளர். எங்களிடம் கால்கள் இருந்தன, பந்து இருந்தது, சீருடை இல்லை. நிவாரணத்தில் கிடைத்த ரீசேட்டுகளோடுதான் பையன்கள் விளையாடினார்கள். ஒருவன் நெஞ்சில் கைகழுவும் படம். இன்னொருவன் நெஞ்சில் மலேரியாவைத் தடுக்கிற நுளம்புவலை. பின்னுக்கு நின்று மறிக்கிற எங்கள் தடியனின் முதுகில் ‘மிதிவெடி, கிட்டப் போகாதீர்’. அவனைத் தாண்டிப் பந்து கொண்டுபோக எதிரணி தயங்கியது உண்மைதான். ஆனால் போகிற மைதானமெல்லாம் எங்களுக்கு ‘நிவாரண லெவன்’ என்று பெயர் வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவரும் அதையே சொன்னார். வெல்லும்போதும் அந்தப் பெயரால்தான் வென்றோம். பையன்களுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அரிப்புக் கிராமத்தில் கோப்பைக்கான இறுதி ஆட்டம் என்று முடிவானதும் கப்டன் சொல்லிவிட்டான். “செயலாளர், அந்தச் சேட்டோட நாங்கள் இறங்க மாட்டம்.”

மன்னாருக்குப் போய்ச் சீருடை தைப்பிக்க நாள் போதாது. ஒரே நிறத்தில், ஒரே மாதிரியாக ஊரில் கிடந்தது குளிரண்ணையின் கூரையில் மட்டும்தான்.

“எடுங்கோ, காசுக் கதை வேண்டாம்” என்றார் அவர். “ஆனா எந்த ஸ்டைல் எண்டு நான்தான் சொல்லுவன்.”

உச்சி வெயிலில் தரவைப் புல்வெளியில் சோதனை நடந்தது. முதலில் ஜிப். நெஞ்சில் பந்தை வாங்கியவன் தோல் உரிந்து கத்தினான். அடுத்தது தொளதொளா. காற்று உள்ளே புகுந்து பையன்கள் பாய்மரம் மாதிரிப் பக்கவாட்டில் போனார்கள். கடைசியில் தலையால் போடுகிற கறுப்பு. கப்டன் எம்பித் தலையால் அடித்தபோது தலைமூடி கண்ணை மறைத்து, மேய்ந்துகொண்டிருந்த கழுதையோடு மோதினான். கழுதை அசையவில்லை.

“இதுதான்” என்றார் குளிரண்ணை. “தோற்றாலும் பார்க்க வடிவாய் இருக்கும்.”

கோல் காவலனுக்கு மஞ்சள், மற்றப் பத்துப் பேருக்கும் கறுப்பு. கறுப்பில் தேறியது ஒன்பதுதான். “பத்தாவதுக்கு நான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டு எங்களோடு டிராக்டரில் ஏறினார்.

அரிப்பில், தலைமூடியை இழுத்துவிட்டு எங்கள் பையன்கள் வரிசையாக இறங்கியபோது சனம் எழும்பி நின்று பார்த்தது. கொழும்பு அணியோ என்று யாரோ கேட்டது எனக்கே கேட்டது. அந்தச் சந்தோசம் மத்தியஸ்தர் வந்து சேரும்வரைதான் நிலைத்தது.

“தொப்பியோட விளையாட ஏலாது. கழட்டுங்கோ, இல்லாட்டி பழைய சேட்டைப் போடுங்கோ.”

கப்டன் என்னைப் பார்த்தான். நான் குளிரண்ணையைப் பார்த்தேன். அவர் தன் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, மீன்வலை பொத்துவதற்கென்று எப்போதும் கத்தியோடு திரிகிற எங்கள் கோல் காவலனிடம் கையை நீட்டினார்.

“கத்தியைத் தா.”

தலைமூடிகள் ஒவ்வொன்றாக மணலில் விழுந்தன. “கையையும் வெட்டுறன், நில்லுங்கோ. வேர்க்கும்” என்றார். வேர்க்கும் என்ற சொல்லை அவர் வாயால் நாங்கள் கேட்டது அதுதான் முதல்தடவை.

கோல் காவலனோடு சேர்த்துப் பத்துப் பேர் தயார். மிதிவெடித் தடியன் மட்டும் பழைய ரீசேட்டோடு தலை குனிந்து நின்றான். குளிரண்ணை தான் போட்டிருந்த ஹூடியைத் தலைவழியே உரித்து, அதையும் வெட்டி அவன் கையில் கொடுத்தார். உள்ளே அவர் போட்டிருந்ததும் நிவாரண ரீசேட்தான். எங்கள் எல்லாருடையதையும் விடப் பழையது, எழுத்தே அழிந்துபோனது. இத்தனை காலம் எந்த வெயிலிலும் அவர் ஹூடியைக் கழற்றாததற்குக் காரணம் எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

“போட்டுக்கொண்டு ஓடடா” என்றார்.

அவன் ஓடினான். எல்லாரும் ஓடினார்கள். கடலுக்குள் விழுந்து எழும்பினவர்கள் மாதிரி நனைந்து நனைந்து ஓடினார்கள். பிடித்து இழுக்கக் கை இல்லாத சட்டையைப் பார்த்து எதிரணி திகைத்தது. கடைசி நேரத்தில் மூலையிலிருந்து வந்த கோணர் அடியைத் தலையால் குத்தி உள்ளே போட்டவன் அந்தத் தடியன்தான். ஒரே கோல், அது போதும்.

ஒலிபெருக்கி கரகரத்தது. “வெற்றி பெற்ற அணி, விடத்தல்தீவு.”

ஊர்ப் பெயர். வெறும் ஊர்ப் பெயர். பையன்கள் குளிரண்ணையைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். எழுத்தழிந்த அந்த ரீசேட்டோடு, கோப்பையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, மைதானம் முழுக்கச் சுற்றி வந்தார் அந்த மனிதர். அரிப்புப் பையன்கள் கூடவே ஓடி, “அண்ணை, இந்தக் கையில்லாத டிசைன் எங்க வாங்கலாம்?” என்று கேட்டார்கள்.

திரும்பும்போது டிராக்டர் பெட்டியில் அவருக்குப் பக்கத்தில் இருக்க எல்லாரும் முண்டியடித்தார்கள். நான் செயலாளர் என்ற அதிகாரத்தைப் பாவித்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பதவியால் என் வாழ்க்கையில் நான் கண்ட ஒரே சுகம் அதுதான்.