கசிவு ஆய்வுக் குழுவின் பன்னிரண்டாவது கூட்டம்

சுச்சாவா நகரம் மனித குலத்துக்கு அளித்த கொடைகளில் தலையாயது எங்கள் கட்டடத்தின் 'கசிவு ஆய்வுக் குழு'. ஆறு வாரத்தில் பதினொரு கூட்டம். ஒவ்வொன்றிலும் தீர்மானம். நான் அதன் செயலாளர். தன்னடக்கம் கருதி இதை இரண்டாவது பத்தியில் சொல்ல நினைத்தேன். முடியவில்லை.

நிலவறையில் ஒரு கொதிகலன். அது சுடவைக்கும் தண்ணீர் குழாய்களில் ஏறி, நான்கு மாடி வீடுகளிலும் குளிர் போக்கும் ரேடியேட்டர்களைச் சூடாக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். காலையில் நிரப்புவோம். அழுத்தமானி இரண்டைக் காட்டும். மாலையில் அரை. கொதிகலன் தானாக அணைந்துவிடும். தண்ணீர் முதலில் வற்றுவது உச்சி மாடியில். அங்கே இலிங்கா குடியிருந்தாள். அவளுடைய ஏழு வாரக் குழந்தை தெக்லா கம்பளித் தொப்பியும் கையுறையுமாகத் தூங்கினாள்.

ரேடியேட்டரின் திருகைத் திறந்தால் வெந்நீர் கொட்டும், அதற்கு மீட்டர் கிடையாது என்பதை இங்கே குறிப்பிட எந்த அவசியமும் இல்லை.

புகார் நான்காம் மாடியிலிருந்து வந்ததால் கசிவும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று குழு 'அறிவியல்பூர்வமாக' முடிவு செய்தது. இலிங்காவின் குளியலறைத் தரையைப் பெயர்த்தோம்.

"பாத்தீங்களா, ஒரு சொட்டு இல்ல," என்றார் தலைவர் பொம்பிலியு.

"எப்படி சார் இருக்கும்? மேலதான் தண்ணியே வரலியே!" என்றாள் இலிங்கா.

இந்தக் குறுக்கீடு நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

பதினோராவது கூட்டத்துக்குக் குழாய்க்காரர் ஃபனேலை அழைத்தோம். அவர் எல்லாச் சுவரையும் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

"சுவரு நனையல, தரை நனையல. தண்ணி என்ன, படியிறங்கிக் கடைக்கா போகுது?"

"அதச் சொல்லத்தான் உங்களக் கூப்பிட்டோம்," என்றார் பொம்பிலியு.

"கொதிகலன்ல பச்சைச் சாயம் ஊத்திடறேன். எங்க வெளிய வருதோ அங்க பச்சை தெரியும். உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. தோல்ல பட்டா மட்டும் ஒரு வாரத்துக்குப் போகாது."

இரண்டாம் மாடி ஜம்ஃபிரா அம்மையார் எழுந்தார். ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை.

"கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கு. இப்பப் போய் சாயமா? கம்பளமெல்லாம் அலசி முடியட்டும்."

"கம்பளத்துக்கும் கொதிகலனுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?" என்றார் ஃபனேல்.

"ஒரு சம்பந்தமும் இல்ல. அதனாலதான் சொல்றேன்."

வாதத்தின் கூர்மையில் சபை சொக்கியது. சாயம் பண்டிகைக்குப் பிறகு என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு, ஒரே ஒரு வாக்கு, இலிங்கா. ஃபனேல் தலையாட்டினார். ஸ்பேனரை நிலவறையில் மறந்துவிட்டதாகச் சொல்லிக் கீழே போனார். இலிங்கா விளக்கைப் பிடித்துக்கொண்டு துணைக்குப் போனாள். அன்று அவளுடைய உதவும் மனப்பான்மையை நான் பாராட்டினேன்.

மறுநாள் ஜம்ஃபிரா அம்மையாரின் அண்ணன் ஊரில் பன்றி அறுத்துக் குடலும் இறைச்சியும் கொண்டுவந்தார். குடலைக் கழுவ ஏராளமான வெந்நீர் வேண்டும். மாலையில் அம்மையாரின் பால்கனியில், அந்தக் குடலில் இறைச்சி அடைத்த பன்னிரண்டு சாசேஜ்கள் தொங்கின. புல்லின் பச்சை.

"கீரை போட்டிருக்கேன்," என்றார் அம்மையார், யாரும் கேட்காமலே.

அதற்கு மறுநாள் மாலை அழுத்தமானி இரண்டில் நின்றது. அடுத்த நாளும் இரண்டு. கசிவு மனம் திருந்திவிட்டது. வாழ்த்துத் தீர்மானம் நிறைவேற்றப் பன்னிரண்டாவது கூட்டம். வழக்கம்போல் படிக்கட்டில் கூடினோம். மேலேயிருந்து இலிங்கா கூப்பிட்டாள்.

"எல்லாரும் இங்க வாங்க. இன்னிக்கு எங்க வீடு சூடா இருக்கு."

மறுக்கக் காரணம் தேடினோம். கிடைக்கவில்லை.

பொம்பிலியு ஆட்டுத்தோல் தொப்பியைப் புருவம்வரை இழுத்து விட்டிருந்தார். ஜம்ஃபிரா அம்மையார் முழங்கைவரை கையுறை. இருவருக்கும் வியர்த்தது.

"தொப்பியக் கழட்டுங்களேன் சார்."

"காதுவலிம்மா."

"நீங்க, மேடம்?"

"எனக்கும் காதுவலி."

நான் மட்டும் வெறுந்தலை, வெறுங்கை. நெஞ்சு நிமிர்ந்தது. வாசலில் ஷூவைக் கழற்றும்படி எங்கள் ஊரில் யாரும் சொல்ல வேண்டியதில்லை. கால் தானாக உதறும். என் காலும் உதறியது. நடுக்கூடத்தில் நின்று தீர்மானத்தை வாசித்தேன்.

"குழுவின் அயராத உழைப்பாலும் உறுப்பினர்களின் அப்பழுக்கற்ற நேர்மையாலும்..."

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் கீழே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வலது காலுறையில் ஓட்டை. அதன் வழியே என் பெருவிரல், வசந்தகாலத் தளிர்போலப் பச்சையாக.

"தினமும் கால ஊற வைப்பீங்களோ, செயலாளர் சார்?" இலிங்கா மெதுவாகத்தான் கேட்டாள்.

"மூட்டுவலி..."

"ஒரு பக்கெட்டா, ரெண்டா?"

"ரெண்டு."

"என் பொண்ணு ஆறு வாரம் தொப்பியோட தூங்கினா."

தெக்லா அவள் தோளில் இருந்தாள். தொப்பி இல்லை. தலையில் கொஞ்சம் முடி இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

"சே! ஒரு செயலாளரா இருந்துக்கிட்டு!" பொம்பிலியு கொதித்தார். தலையை ஆட்டிய வேகத்தில் தொப்பிக்கு அடியிலிருந்து ஒரு பச்சைக் கோடு இறங்கி, நெற்றியைக் கடந்து, மூக்கு நுனியில் நின்றது.

ஜம்ஃபிரா அம்மையார் கையுறையைக் கழற்றினார்.

நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே எழுதினேன். கசிவு கண்டுபிடிக்கப்பட்டது. இடம்: செயலாளரின் கால், தலைவரின் தலை, அம்மையாரின் பத்து விரல்கள்.

குழாய்களில் குறை ஏதும் இல்லை.