ரிமோட் எடுத்தவன்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், ஆகவே உங்கள் வீட்டு நலத்தை மட்டும் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். உன் கிட்னி எனக்குப் பொருந்துகிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. பரவாயில்லை. உன்னை வரச்சொல்லி இதை எழுதவில்லை, வராதே என்று சொல்லத்தான் எழுதுகிறேன். இங்கே நான் தலைவராகிவிட்டேன்.

எங்கள் டயாலிசிஸ் அறையில் ஒரே டிவி, ஒரே ரிமோட். அதை ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர் பாலிதீன் உறை போட்டுத் தன் கையிலேயே வைத்திருந்தார். எந்தச் சேனல், முதல் ஊசி யாருக்கு, ஜன்னலோரக் கட்டில் யாருக்கு, எல்லாம் அவர் சத்தம் போட்டுச் சொல்லும் தீர்ப்புதான். அவருக்கு முன்னால் இருந்தவரும் தலைவராகவே போய்ச் சேர்ந்தாராம். போன திங்கட்கிழமை வந்து பார்த்தால் கண்டக்டர் கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தது. ஆள் முந்தின நாளே போய்விட்டாராம், ரிமோட் மட்டும் கிடந்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள், ஒருத்தரும் தொடவில்லை. டிவியில் எவனோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான், எழவு வீட்டில் இது என்ன கூத்து என்று சத்தத்தைக் குறைக்க நான்தான் எடுத்துத் தொலைத்தேன். "அப்பாடா! இனிமே நீங்கதான் தலைவரே" என்றார் பக்கத்துக் கட்டில் தையல்கார அக்கா. தடி எடுத்தவன் தண்டல்காரன், எங்கள் அறையில் ரிமோட் எடுத்தவன்.

அடுத்த தடவையே ஏசிக் குளிர் தாங்கவில்லை, அக்காவுக்கு இன்னொரு கம்பளி கேட்கத் தலைவர் போகணும் என்றார்கள். போனேன். "நீங்கதான் தலைவரா சார்? அப்ப உங்க கம்பளிய அந்த அக்காவுக்குக் குடுத்துடுங்க" என்றார் ஹெட் நர்ஸ். கொடுத்தேன். இப்போது பல் கிடுகிடுக்க, "தைரியமா இருங்க" என்று ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருக்கிறேன். வாத்தியார் ஒருவர் இருக்கிறார், ஊசியைப் பார்த்தாலே அழுவார், அவரை அதட்டுவதும் என் வேலைதான். ஏன்தான் ஆளாளுக்குப் பதவிக்கு அலைகிறார்களோ என்று நீ கேட்பாயே, சேவையாவது மண்ணாங்கட்டியாவது! அடுத்தவன் பயத்தை அதட்டிக்கொண்டிருந்தால் நம் பயத்தைப் பார்க்க நேரமிருக்காது, அவ்வளவுதான்டா. கண்டக்டர் ஏன் அத்தனை சத்தம் போட்டார் என்று இப்போதுதான் புரிகிறது, பாவம்.

ஆகவே நீ வந்து, ஆபரேஷன் ஆகி, நான் குணமாகிப் போய்விட்டால் இவர்களை யார் பார்ப்பது? பொறுப்பில் இருக்கிறவன் பாதியில் ஓடக்கூடாது. கிட்னி கொடுக்காதே என்று உன் பெண்டாட்டி அழுகிறாளாம், அதிலும் நியாயம் இருக்கிறது, பிள்ளைகள் சின்னதுகள். இனிமேல் போனைத் தைரியமாக எடு, கிட்னிப் பேச்சே வராது.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் மனைவிக்கு, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
தலைவர், டயாலிசிஸ் அறை.

பி.கு.: இதை மடிக்கும்போது ரிமோட்டைக் காட்டி, "நாளைக்கு நான் இல்லேன்னா இத யாரு எடுப்பீங்க?" என்று சும்மாதான் கேட்டேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாத்தியார் அழுகையை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன். இப்போதே யாரையோ அதட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு வேலை ஒன்றுமில்லை, பயமாக இருக்கிறது. வாடா தம்பி. சீக்கிரம் வா.